பச்சை விளக்கு அணையும் வரை

சென்னியப்பன் அவசரப்படவில்லை. அதுவே அவர் மனைவி கலாமணிக்குச் சரியாகப் படவில்லை.

பத்து மணிக்கு பிசியோதெரபி கிளினிக்கில் இருக்க வேண்டும். மணி ஒன்பதே முக்கால். மனிதர் பனியனோடு ஈசிசேரில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மதில்மேல் ஓடும் அணிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, கிளினிக்குப் போகோணும்ல?"

"போலாம் போலாம். கிளினிக் எங்க ஓடியா போயிரப் போகுது?"

வேறு வீடாக இருந்தால் ஒரு அதட்டலோடு முடிந்திருக்கும். இந்த வீட்டில் நடைமுறையே வேறு. பத்து மணி வேலைக்குச் சென்னியப்பன் எட்டரைக்கே சட்டை போட்டு, ஷூ மாட்டி, வாசற்படியில் உட்கார்ந்து "கலா, நேரமாச்சு" என்று ஆரம்பித்துவிடுவார். மகள் வெண்ணிலாவின் பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பந்தல்காரர்களுக்கு முன்னால் போய் நின்று, கடைசியில் அவர்களோடு சேர்ந்து நாற்காலி போட்டவர். அவள் கல்யாணத்தன்று மண்டபத்து வாட்ச்மேனைத் தட்டி எழுப்பியவரும் அவரே. ரயில்வேக்காரர், நேரம் தவறாமை ரத்தத்தில் ஊறியது என்று உறவுக்காரர்கள் சிலாகிப்பார்கள்.

கலாமணிக்குத் தெரியும், ரயில்வேக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமான புதிதில் அவரும் எல்லா ஆம்பிளைகளையும் போல ஓடுகிற பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிற ஆள்தான். நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், வர வேண்டிய இடத்துக்கு அவர் வரவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லா இடத்துக்கும் முன்னாலேயே வந்துவிடுகிற மனிதரானார். அந்த நாளைப் பற்றி இருவரும் இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அவள் கண் அவர் பனியன் பைக்குப் போனது. பைக்குள் பெட்டி இருந்தது. நேற்றுத்தான் அதற்குப் புது ஓ.எஸ்., அதாவது அதை இயக்குகிற மென்பொருள், போட்டிருந்தாள்.

ஊரில் பாதிப் பெரியவர்களிடம் இன்று அந்தப் பெட்டி இருக்கிறது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். பொட்டும் பெட்டியும் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும். மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து சென்னியப்பனின் மூளையில் நினைவைச் சேர்த்துவைக்கிற பகுதி அடிபட்டபோது, மிச்சம் இருந்ததையெல்லாம் டாக்டர்கள் பொறுமையாக வழித்தெடுத்துப் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கில் எழுதினார்கள். அன்றிலிருந்து பழைய நினைவு அதிலிருந்துதான் வரும், புது நினைவு அதில்தான் போய் உட்காரும். ஏதாவது எழுதும்போது பெட்டியின் ஓரத்தில் பச்சை விளக்கு எரியும், முடிந்ததும் அணையும். பெட்டியைக் கழற்றினால் மனிதர் கண் திறந்தபடியே தூங்குகிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

பெட்டியைச் செய்த கம்பெனி கைமாறிக் கைமாறி இழுத்து மூடப்பட்டுவிட்டது. அவர்களுடைய பழைய ஓ.எஸ். இந்த மாதக் கடைசியோடு நின்றுவிடும், அதன் பிறகு பொட்டோடு பேசாது என்று அறிவிப்பு வந்தது. ஆனால் ஊருக்கு நாலு நல்லவர்கள் இருக்கத்தானே செய்கிறார்கள். ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 'தும்பி' என்று ஒரு இலவச ஓ.எஸ். எழுதி வெளியிட்டிருந்தார்கள். வெண்ணிலா ஓசூரிலிருந்து பதறினாள். "நல்ல ஆளாப் பாத்துப் போடலாம்மா."

"நானே நல்ல ஆளுதாண்டி," என்றாள் கலாமணி.

சும்மா சொல்லவில்லை. மேட்டூர் ரோட்டில் ஒரு மாடியில், கீழே பேக்கரி வாசனை வரும் இடத்தில், 'கலாமணி கம்ப்யூட்டர்ஸ்' என்று அவள் கடை வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஈரோட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற முதல் பொம்பளை என்று ஜவுளிக்கடைக்காரர்கள் வேடிக்கை பார்க்கவே படியேறி வருவார்கள். ஒரு ஓ.எஸ். போட அரை நாள் ஆகும். சி.டி.யை முந்தானையில் துடைத்துப் போட்டால், திரையில் 'இன்னும் முப்பத்தொன்பது நிமிடம்' என்று வரும். அந்த முப்பத்தொன்பது நிமிடத்துக்குள் டீ வரும், பன் பட்டர் ஜாம் வரும், கடையில் கூட வேலை பார்த்த முபாரக் வீட்டுச் சண்டையெல்லாம் சொல்லி முடிப்பான், திரை மட்டும் அசையாமல் முப்பத்தொன்பதிலேயே நிற்கும். திடீரென்று திரை முழுக்க நீலமாகி நின்றுவிட்டால் மெமரி அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். பாதி நோய் ரப்பரிலேயே தீரும். அந்த நாட்களை நினைத்தால் கலாமணிக்கு இன்றும் முகம் மலர்ந்துவிடும்.

நேற்றும் அப்படித்தான், பழைய உற்சாகத்தோடு மேசையில் துண்டு விரித்து உட்கார்ந்தாள். புது டிஸ்க், புது ஓ.எஸ்., பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் பிரதி எடுக்க வேண்டும். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பச்சை விளக்கு கண் சிமிட்டுகிற மாதிரி படபடவென்று எரிந்து அணைந்தது. காலம் எங்கேயோ போய்விட்டது என்று அவளே வாயைப் பிளந்தாள்.

கடைசியாகச் சாட்சிக் கேள்வி. அது பெட்டிக் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த வழக்கம். ரிப்பேர் முடிந்ததும், வீட்டில் நெருங்கிய ஒருவர் இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். பதில் சரியாக இருந்தால் திரையில் 'சரி' என்ற இடத்தில் விரல் வைக்கலாம். கலாமணி வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

"நம்ம மொதல் மொதல்ல சினிமாக்குப் போனமே, இடைவேளைல எனக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"

"எங்க வாங்கிக் குடுத்தேன்? பர்ஸை வீட்லயே வெச்சுட்டு வந்துட்டேன். நீதான் எனக்குப் பப்ஸ் வாங்கிக் குடுத்த."

சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். வேறு என்ன கேட்டிருக்க முடியும்? இத்தனை வருடம் ஒன்றாக வாழ்ந்த வீட்டில் பூட்டிவைத்த அறை ஒன்று இருந்தால், கூட்டிப் பெருக்குகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். அவளும் சுற்றிக்கொண்டு போனாள்.

கிளினிக்குக்கு ஒருவழியாக ஆட்டோ ஏறினார்கள். ஸ்டேஷன் பக்கம் திரும்பும்போது, பழைய பிரசவ ஆஸ்பத்திரி இருந்து இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட கட்டடம் வந்தது. அந்தப் பக்கம் வந்தாலே சென்னியப்பன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொள்வார். இன்று நேராகக் கையை நீட்டினார்.

"இந்தக் கேட்டு வழியாத்தான கலா நான் ஓடியாந்தேன்? மொரப்பூர்ல எறங்கி, கெடச்ச வண்டியப் புடிச்சு... செருப்பு ஒண்ணு எங்கியோ கழண்டு போச்சு."

கலாமணி ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

அவர் ஓடி வரவில்லை. மொரப்பூரில் இறங்கவே இல்லை. அப்போது அவர் கூட்ஸ் வண்டியில் உதவி டிரைவர். அவளுக்கு நாள் ஆகும் முன்பே வலி எடுத்து, பெண் குழந்தை பிறந்தது. விடிகிற வரை தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். வண்டி வழியில் மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மூலமாகத் தகவல் போனது. தகவல் சேர்ந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் வந்தபோது குழந்தைக்கு மண்ணள்ளிப் போட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவரை மன்னிக்க வேண்டி வந்துவிடும், அல்லது மன்னிக்கவே முடியாமல் போய்விடும் என்ற இரண்டு பயமும் அவளுக்கு இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் சமையலறையில் பூண்டு உரிக்க உட்கார்ந்தாள். அவரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தார். எந்தத் தயக்கமும் இல்லாமல் பேசினார்.

"நர்ஸம்மா துணியில சுத்திக் கையில குடுத்துச்சு. பஞ்சாட்டம் இருந்துச்சு பாப்பா. மூக்கு அப்படியே உன்ற மூக்கு."

பொய். மூக்கு அவருடையது. நுனியில் லேசாகத் தட்டையான அதே மூக்கு. அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் அவள் திருத்தவில்லை. ஏதோ தப்பாகிவிட்டது என்று நன்றாகத் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அவர் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எத்தனை நாள் படுத்தபடி நினைத்துப் பார்த்திருக்கிறாள்! அது இப்போது பூண்டுத் தோலோடு எதிரில் உட்கார்ந்து பேசுகிறது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம்.

"பேரு என்ன வெச்சிருக்கேன்னு கேட்டேன். நீ அழுதுட்டே இருந்த, சொல்லல. இப்பவாச்சும் சொல்லேன்."

அவள் ஒரு பேர் வைத்திருந்தாள். வெண்ணிலாவுக்குக்கூட அதை வைக்காமல் தனியாக எடுத்துவைத்திருந்த பேர்.

"யாழினி," என்றாள்.

"யாழினி," என்று அவரும் சொன்னார். கண் நிறைந்துவிட்டது. "நல்லாருக்கு கலா. யாழினி." இரண்டு பேரும் அழுதார்கள். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "எங்கம்மா இருந்திருந்தா இதுக்குள்ள இந்தப் பூண்டுல ரசமே வெச்சிருக்கும்" என்று அவர் சொன்னதில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வேறு வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே, "பேரு என்ன வெச்சிருக்கேன்னு கேட்டேன். நீ அழுதுட்டே இருந்த. இப்பவாச்சும் சொல்லேன்," என்றார்.

முகத்தில் அதே ஆவல். விளையாட்டு இல்லை.

"யாழினி," என்றாள் கலாமணி, மெதுவாக.

"யாழினி. நல்லாருக்கு கலா." அதே மாதிரி கண் நிறைந்தது.

மூன்றாவது முறை அவர் கேட்டபோது அவள் பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பனியன் பையைப் பார்த்தாள். மெல்லிய துணிக்குள் பச்சை விளக்கு மினுக்கென்று எரிந்து, எரிந்த வேகத்தில் அணைந்தது. எழுதி முடிக்கிற நேரம் இல்லை அது. கடைக்காரி கலாமணிக்கு விஷயம் பாதி புரிந்துபோயிற்று. மனைவி கலாமணி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

அவள் போன் செய்து கூப்பிட்டதில், சாயங்காலம் முபாரக் பவானியிலிருந்து வந்து சேர்ந்தான். அவனுக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது, தலை முழு வழுக்கை; ஆனால் பையிலிருந்து முதலில் எடுத்து மேசையில் வைத்தது ஒரு பள்ளிக்கூட ரப்பர்.

"இன்னுமாடா இத வெச்சிருக்கற?"

"தொழில் தெய்வமுங்க்கா. விட முடியுமா?"

சென்னியப்பன் முன்னறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் உள்ளே கணினியில் பழைய டிஸ்க்கை மாட்டினார்கள். கலாமணி அதை அழிக்கவில்லை. புதுசு ஒழுங்காக ஓடுகிறது என்று மனம் நம்புகிற வரை பழசை அரிசி டப்பாவுக்குள் போட்டுவைப்பது கடைக் காலத்துப் பழக்கம். புது டிஸ்க்கில் இருப்பதையும் நேற்றே ஒரு நகல் எடுத்து வைத்திருந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். நினைவு என்ன என்று யாரும் பார்க்க முடியாது. எந்த ஊர், எந்த வருடம், என்ன வேலை என்று ஒவ்வொரு துண்டுக்கும் மேல் ஒரு சீட்டு மட்டும் தெரியும்.

முதலில் கேபிளை மாற்றினார்கள். அதில் குற்றமில்லை. முபாரக் ஆசைக்காக இணைப்புப் பல்லை ரப்பரால் தேய்த்தான். அதிலும் இல்லை. புது டிஸ்க்கையே சந்தேகப்பட்டு வேறொன்றில் பிரதி எடுத்தார்கள். அதே இடங்களில் அதே தப்பு வந்தது. அங்கங்கே ஒரு துண்டு எழுதப்படவே இல்லை, அதன் இடத்தில் முந்தின துண்டே இன்னொரு முறை உட்கார்ந்திருந்தது.

"அக்கா," என்றான் முபாரக், "கல்யாண ஸ்டூடியோக்காரர் ஞாபகம் இருக்குதுங்களா? ஓ.எஸ். மாத்திக் குடுத்தமே, போட்டோ பூரா மேல பாதி மாப்பிள்ளை, கீழ பாதி பந்திச் சோறு. மனுசன் நம்மளை அடிக்க வந்தாரே!"

"டிஸ்க் டிரைவர்," என்றாள் கலாமணி. ஓ.எஸ்.ஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் தூது போகிற சின்ன புரோகிராம் அது. "வேகமான வழியில போட்டா, டிஸ்க் எழுதி முடிச்சேன்னு சொல்றதுக்கு முன்னாலயே அடுத்ததைக் கொண்டாந்து கொட்டிரும். அன்னிக்கும் இதேதான்."

"தும்பியிலயும் அதே கதைதான் போலிருக்குது. மெதுவான வழியில மாத்திட்டா நின்னு, முடிஞ்சுதான்னு கேட்டுட்டு, அப்பறம்தான் அடுத்ததுக்குப் போகும். ஒரு நாள் பூரா ஆகும். ஆனா பிசகாது." முபாரக் திரையில் ஒரு வரியைத் தொட்டான். "மொரப்பூர்னு ஒரே அடுக்குல நெறைய இருக்குதுங்க. மாமா வழக்கமா அங்க டூட்டி மாத்தி எறங்கின ட்ரிப் ஒண்ணு, அதுக்கு அடுத்தாப்ல வேற ஒண்ணு. அந்த ரெண்டாவது எழுதல. மொதலதே ரெண்டு வாட்டி விழுந்திருக்குது."

"அதுல எறங்கினாரு. அதனால இதுலயும் எறங்கிட்டாரு."

"மிச்சத்தை மூளையே பாத்துக்கும்ங்க்கா. நடுவால ஓட்டை இருந்தா அதுக்கு ஆவாது. அக்கம்பக்கத்துத் துணியக் கிழிச்சு ஒட்டுப் போட்டுக்கும்."

கலாமணி நடந்ததைச் சொன்னாள். நாற்பத்தைந்து வருடம் யாரிடமும் சொல்லாததை, கடையில் டீ குடித்தபடி வீட்டுச் சண்டையெல்லாம் அவளிடம் கொட்டிய அந்த முபாரக்கிடம் சொன்னாள். அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டே கேட்டான்.

"நாளைக்கு மெதுவான வழியில எல்லாத்தையும் சரியா எழுதிரலாம்," என்றான் கடைசியில். "இப்படியே விட்டா தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போயிரும், விடக் கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரே ஒரு துண்டை மட்டும் நாம எழுதாம, இப்ப இருக்கறதையே வெச்சரலாம். யாருக்கும் தெரியாது. மாமா முகத்தைப் பாருங்க, எவ்வளவு நிம்மதியா இருக்காரு."

கலாமணி எட்டிப் பார்த்தாள். உண்மைதான். டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் தளர்ந்து, கால் நீட்டி, எங்கும் போகவேண்டிய அவசரம் இல்லாத மனிதராக.

அவளுக்கு அது வேண்டும்போல் இருந்தது. இதை மறைப்பானேன்? ஓடி வந்த புருஷன் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் வெண்ணிலாவின் பள்ளியில் நாற்காலி போட்டவர் யார்? மகள் டைபாய்டில் கிடந்தபோது டாக்டர் வருவதற்கு முன்னாலேயே வார்டு வாசலில் போய் நின்றவர் யார்? அவர்தான் மொரப்பூரில் இறங்காத மனிதர். அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டால், அவர் ஏன் அப்படி ஓடிக்கொண்டிருந்தார் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். அவள் கோபித்துக்கொண்டதும், கோபத்தோடேயே பிடித்துப் போனதும் அந்த ஆளைத்தான். இன்றைக்குப் பூண்டு உரித்தவர் ரொம்ப நல்லவர். ஆனால் அவரோடு அவள் குடும்பம் நடத்தியதில்லை.

இருந்தாலும் அது அவள் மட்டும் முடிவு செய்கிற விஷயமாகவும் தோன்றவில்லை. காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, பெட்டியில ஒரு தப்பு ஆயிருச்சு. சிலது சரியா எழுதல. உங்களோட ஒரு நாள் மாறிப்போய் இருக்குது. சரி பண்ணினா அது திரும்ப வரும். வந்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"எந்த நாளு?"

"சொல்லட்டுங்களா?"

அவர் யோசித்தார். காபியை ஒரு வாய் குடித்தார். "வேண்டாம். அது என்னுதுதான?"

"உங்களுதுதான்."

"அப்ப போட்டுரு. என்ற பேர்ல எழுதின ட்ரிப்பை வேற எவன் ஓட்டுவான்?" என்று சொல்லிவிட்டு, "வெசனப்படாத," என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெட்டியைக் கழற்றியதும் அவர் கண் எங்கோ நிலைத்துவிட்டது. கட்டிலில் படுக்கவைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். முபாரக் டிரைவரை மெதுவான வழிக்கு மாற்றிவிட்டு, பழைய டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத விட்டான். அதில் நேற்று முன்தினம் வரை உள்ளதுதான் இருக்கும். நேற்று மத்தியானம் அதில் இல்லை. சமையலறையில் நடந்தது இனி அவள் ஒருத்தியிடம்தான் இருக்கும்.

பச்சை விளக்கு எரிந்தது. நின்றது, யோசிக்கிற மாதிரி இருந்தது, மறுபடி எரிந்தது.

"எவ்வளவுடா ஆச்சு?"

"இன்னும் முப்பத்தொன்பது நிமிசம்னு போடுதுங்க்கா."

"போடும் போடும். டீ சொல்லு."

டீ வந்தது. முபாரக் மருமகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னான். மேட்டூர் ரோட்டுப் பேக்கரியில் தேங்காய் பன் சுடும்போது வேலை ஓடாது, வாடிக்கையாளரையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள் என்பதையெல்லாம் பேசினார்கள். அந்த மாடி, அந்த வாசனை, ராத்திரி ஷட்டரை இழுக்கும்போது சாலை முனையில் டியூட்டி முடித்து வந்து, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே சைக்கிளோடு நின்றுகொண்டிருந்த ஒல்லி சென்னியப்பன். குழந்தை போன பிறகு ஒரு நாள் தவறாமல் அங்கே நின்றார். அப்போது அவள் அவரோடு சரியாகப் பேசக்கூட இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து வீடு வந்து சேர்வாள். இன்று அந்த சைக்கிள் அவள் கண்ணிலேயே நின்றது.

பொழுது சாய்கிற நேரத்தில் வேலை முடிந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு துண்டு பிசகவில்லை. பெட்டியைச் சட்டைப் பையில் வைத்ததும் சென்னியப்பனின் கண் அசைந்தது, அவளைத் தேடிப் பிடித்தது.

"முடிஞ்சுதா? நேரமாச்சே. கிளினிக்கு?"

"அது நேத்தே போய்ட்டு வந்துட்டோம்." முபாரக் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனான். "சாட்சிக் கேள்வி கேக்கோணுங்க."

"கேளு. வழக்கம்போல சினிமாவா?"

"பாப்பா பொறந்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் முகம் மாறியதைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை. தளர்ந்திருந்த தோள் இரண்டும் பழையபடி இறுகிக்கொண்டன. கையை உருவிக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை.

"மொரப்பூர்ல," என்றார். பிறகு மீதியைச் சொன்னார். "மாஸ்டர் வந்து சொன்னாரு. டூட்டி இல்லாம ஸ்பேர்ல வந்த உதவி டிரைவர் ஒருத்தன் அங்கியே இருந்தான். நீ போய்யா, வண்டிய நாம் பாத்துக்கறேன்னான். எறங்கியிருந்தா வந்திருக்கலாம். எறங்கல."

"ஏனுங்க?"

"பயமாப் போச்சு. மூஞ்சியப் பாத்துட்டா அப்பறம் தாங்க மாட்டேன்னு பயம். பாக்கலைன்னா நடக்காத மாதிரியே இருந்துரும்னு நெனச்சேன்." குரல் உடைந்தது. "நான் வரல கலா."

எத்தனையோ வருடம் அவள் காத்திருந்த பதில் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பயம். அவளுக்கும் அன்றைக்கு அதே பயம்தான் இருந்தது. அவளுக்கு இறங்காமல் போக வண்டி இல்லை, அவ்வளவுதான். கோபம் வருமா என்று பார்த்தாள். வந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு அழுகையோடு சேர்ந்து போய்விட்டது. திரையில் 'சரி' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"வந்தீங்க," என்றாள்.

அவர் புரியாமல் பார்த்தார்.

"லேட்டா வந்தீங்க. நேத்து மத்தியானம் வந்தீங்க. எங்கூட உக்காந்து பூண்டு உரிச்சீங்க, ரெண்டு பேரும் அழுதோம். பாப்பாவுக்குப் பேரு என்னன்னு கேட்டீங்க."

"நீ சொன்னியா?"

"மூணு வாட்டி சொன்னேன்."

"எனக்கு ஞாபகம் இல்லியே கலா."

"அதனால என்ன? மறுபடி சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பையின்மேல் கையை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள். "யாழினி."

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விரல்களுக்கு நடுவே எரிந்துகொண்டே இருந்தது. அவர் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. விளக்கு அவசரப்படாமல் தன் வேலையை முடித்துவிட்டு அணைந்தது. வெளியே முபாரக் போனில் மறுபடி டீ சொல்லிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. சென்னியப்பன் வாயைத் திறந்தார். மறுபடி பேரைக் கேட்கப் போகிறார் என்று கலாமணி பயந்தாள்.

"யாழினிக்கு," என்றார் அவர், "மூக்கு உன்னுதா, என்னுதா?"

"உங்களுதுங்க," என்றாள் கலாமணி.